கரி ஆறுவதற்குள்

ஓசூரிலிருந்து மைசூர் எல்லைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் அப்போது ஒரு லாரிப் பேட்டை இருந்தது. நான் சொல்வது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூர் அன்று சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. இன்றைக்கு இருக்கும் தொழிற்சாலைகளில் ஒன்றுகூட வரவில்லை. நம் பக்கத்து லாரிகளில் பலவற்றுக்கு எல்லை தாண்ட அனுமதி கிடையாது, அந்தப் பக்கத்து லாரிகளுக்கும் அப்படித்தான். ஆகையால் சரக்கு இந்தப் பேட்டையில் இறங்கி, வேறு லாரியில் ஏறிப் போகும். கப்பல் இல்லாத துறைமுகம் என்று நானே அதற்குப் பெயர் வைத்து, சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தேன்.

ஒரே வேலிக்குள் ஐந்து பேருடைய வியாபாரம் நடந்தது. நான் குமாஸ்தாவாக இருந்த புளி மண்டி, ஒரு மண்ணெண்ணெய் ஏஜென்ட், ஜவளகிரிக் காட்டிலிருந்து கரி கொண்டுவரும் காண்டிராக்டர், ஒரு கல் கம்பெனி, பிறகு லாரிகளின் சொந்தக்காரர். ஐந்து முதலாளிகளுக்கும் தனித்தனி ஆட்கள். புளி மண்டி ஆள் பீடி பிடித்தால் மண்ணெண்ணெய்க்காரர் அதட்ட முடியாது, ஏனென்றால் அவன் அவருடைய ஆள் இல்லை. கல் லாரி பின்னோக்கி வரும்போது எங்கள் ஆட்கள் விலக மாட்டார்கள், ஏனென்றால் கூப்பிடுகிறவன் அவர்களுடைய மேஸ்திரி இல்லை. இப்படி இருக்கையில், கல் கம்பெனி லாரியிலிருந்து சரிந்த ஒரு கல் எங்கள் மூட்டைக்காரர் ஒருவரின் பாதத்தை நசுக்கிவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப்போவது என்று ஐந்து முதலாளிகளும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். அவர் புளிச் சாக்கின்மேல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகுதான் பேட்டை முழுவதற்கும் பொதுவாக விதிகள் வேண்டும் என்று பேச்சு வந்தது. இண்டர்மீடியட் வரை படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். விதிகளை எழுதும்படி என் முதலாளி என்னிடம் சொன்னார். ஒரு வாரம் உட்கார்ந்து பதினேழு விதிகள் எழுதினேன். நல்ல தமிழில், ஒற்றுப் பிழை இல்லாமல், நானே பெரிய எழுத்தில் எழுதி அட்டையில் ஒட்டித் தொங்கவிட்டேன். அவற்றை நடத்தி வைக்கும் பொறுப்பும் எனக்குத்தான் வரும் என்று உறுதியாக நம்பினேன். மனைவியிடம்கூடச் சொல்லியிருந்தேன்.

வந்தவர் வேறொருவர். கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஓர் ஊரைச் சேர்ந்த கத்தோலிக்கர். என் வயதுதான் இருக்கும். எட்டாவது தாண்டாதவர். யுத்த காலத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் ராணுவச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்திருந்தார். முதலாளிகள் ஐவரும் சேர்ந்து அவரைப் பொது மேஸ்திரியாக வைத்தார்கள். யாருடைய ஆளாக இருந்தாலும் அவர் நில் என்றால் நிற்க வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்கள். அன்று மாலை என் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ படிச்சவன், உக்காந்து எழுதற வேலை இருக்குது உனக்கு. ஆளுங்களக் கட்டி மேய்க்கறது அவனுக்குத்தான் வரும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது அறைந்த மாதிரி இருந்தது.

முதல் நாள் அவர் என் பதினேழு விதிகளை நின்று முழுவதும் படித்தார். படிக்கும்போது உதடு அசைந்தது. பிறகு என்னிடம் வந்து, எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். "ஆனா சார், படிக்கத் தெரிஞ்சவங்களே இங்க நாலு பேருதான். அதுல ரெண்டு பேருக்குத் தெலுங்குதான் படிக்கத் தெரியும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரை வெறுப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

பம்பாயில் ஒரே மேடையில் பத்துக் கம்பெனிகள் சரக்கு இறக்குமாம். யாருடைய ஆள் என்று கேட்டுக்கொண்டு நின்றால் அதற்குள் ஒருவன் செத்துவிடுவானாம். இதை அடிக்கடி சொல்வார். விதி என்று எதையும் எழுதாமல் நடத்திக் காட்டினார். லாரி பின்னோக்கி வரும்போது ஒருவன் இடப்பக்கத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும், அந்தக் கை இறங்கினால் டிரைவர் நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெய் லாரியின் முன்னால் எந்த வண்டியும் நிற்கக் கூடாது, நெருப்பு என்று வந்தால் அதைக் கையால் தள்ளிக்கொண்டு போக வழி இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, நெருப்பு இல்லாமலே, எல்லோரையும் சுமையைப் போட்டுவிட்டு அந்த லாரியைத் தள்ள வைப்பார். கல் கம்பெனி ஆளும் புளி மண்டி ஆளும் தோளோடு தோள் சேர்ந்து தள்ளுவார்கள். வேடிக்கையாக ஆரம்பித்தது பழக்கமாகிவிட்டது.

கரி விஷயத்தில்தான் அவருடைய சாமர்த்தியம் தெரிந்தது. மண் மூடி எரித்த மூட்டத்தைப் பிரித்து எடுத்த கரி வெளியே கறுத்துக் குளிர்ந்திருந்தாலும் உள்ளே எங்காவது கனல் இருக்கும். சாக்கில் கட்டியபிறகும் இரண்டு மூன்று நாள் திறந்த வெளியில் ஆற வேண்டும். ஆறாத கரியை லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினால் வழியில் புகைந்து பற்றிக்கொள்ளும். ஆனால் எந்த அட்டி, அதாவது எந்தச் சாக்கு அடுக்கு, எப்போது வந்தது என்பதில் எப்போதும் சண்டை. வண்டிக்காரன் முந்தாநாளே இறக்கினேன் என்பான். கரிக் காண்டிராக்டரின் ஆள் அதற்கு முந்திய நாள் என்பான். மேஸ்திரி அந்தச் சண்டையை ஒரு ஆவாரங்கொத்தால் முடித்துவைத்தார். அட்டி இறங்கியதும் வேலியோரத்தில் புதிதாக ஒரு கொத்து ஒடித்துச் சாக்கின் தலைப்பில் செருகிவிடுவார். கொத்தை உலுக்கினால் இலை தானாக உதிர வேண்டும். அதுவரை அந்த அட்டியை யாரும் தொடக் கூடாது. கொத்தைப் பிடுங்குவது அவர் கை மட்டும்தான். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, பச்சை இலை எல்லோருக்கும் புரிந்தது. பொய் சொல்ல வண்டிக்காரனுக்கும் வழியில்லை.

என் அட்டை விதிகளில் நான்காவது விதி கரியைப் பற்றியது. ஐந்து வரி. அதன் கீழ்ப்பகுதியை யாரோ கிழித்து எதற்கோ உபயோகித்திருந்தார்கள்.

அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் சொல்ல முடியும். எல்லோரும் அவரை அண்ணா என்று கூப்பிட்டார்கள். மூன்று பாஷைக்காரர்களும் அதே சொல்லால் கூப்பிட்டார்கள். என்னை சார் என்றார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண்கள் மாம்பழக் காலத்தில் மடியில் கட்டிக்கொண்டுவரும் பழத்தில் முதல் பழம் அவருக்குப் போகும். எனக்கும் கொடுப்பார்கள், இரண்டாவதாக. எதிர்ச் சாரி காபிக் கடைக்காரர் அவர் வருவதைப் பார்த்ததும் டம்ளரைக் கழுவ ஆரம்பிப்பார். நான் போனால் என்ன வேண்டும் என்று கேட்பார். எட்டு வருஷமாக நான் குடித்தது ஒரே மாதிரிக் காபிதான். ஒருநாள் என் மனைவி, பேட்டைக்கு வந்திருக்கும் மேஸ்திரி ரொம்ப நல்லவராமே, சந்தையில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

அவரிடம் குறை தேடினேன். கையெழுத்துக் கோணல். சட்டைக் காலர் கிழிசல். இங்கிலீஷ் சொற்களைத் தப்பாகச் சொல்வார். இவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, யாராவது அவரைப் புகழும்போது ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்வேன். அவரோ என்னிடம் எந்தக் குறையும் காணவில்லை. சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வந்து கேட்பார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல்முதலாக நற்கருணை, கொடுக்கும் நாள் வந்தது. அவர்கள் ஊர்க் கோயிலில் நடப்பது. ஒரு நாள் லீவு வேண்டும் என்று முதலாளிகளிடம் கேட்டபோது, பேட்டையை யார் பார்ப்பது என்றார்கள். அவர் என்னைக் காட்டினார். முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு பேட்டையைச் சுற்றி வந்தார். கரி மூன்று அட்டி இருந்தது. முதல் இரண்டில் கொத்து உதிரும் நிலையில் இருந்தது, அவரே பிடுங்கிவிட்டார். மூன்றாவதில் இலை பச்சையாக இருந்தது.

"இது இப்பதான் மத்தியானம் எறங்கிச்சு சார். நாளைக்கு யாரு வந்து கேட்டாலும் வேணாம். உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

தெரியும் என்றேன்.

மறுநாள் எல்லைக்கு அப்புறத்திலிருந்து கரி ஏற்ற ஒரு லாரி வந்தது. இரண்டு அட்டியும் ஏறியபின் லாரியில் பாதி காலியாக இருந்தது. பாதி வண்டியோடு போக மாட்டேன் என்றான் டிரைவர். அவனை அனுப்பியிருக்கலாம். கரிக் காண்டிராக்டரின் ஆளே அன்று வற்புறுத்தவில்லை. ஆனால் காலையிலிருந்தே எனக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஒரு நாளில் அவர் காலத்தைவிட அதிக லாரிகள் போக வேண்டும். குமாஸ்தா பார்த்தால் வேலை இன்னும் சுருக்காக நடக்கிறது என்று சாயங்காலம் முதலாளி சொல்ல வேண்டும். மூன்றாவது அட்டியிடம் போனேன். ஒரு சாக்கின் வாயைத் தளர்த்தி உள்ளே கையை விட்டேன். சில்லென்று இருந்தது. ஒரு சாக்கில்தான் விட்டேன். கொத்தைப் பார்த்தேன். படித்தவன், இலை தழையைப் பார்த்து வேலை செய்வதா என்று தோன்றியது.

பக்கத்தில் ஒரு பெண் சிந்திய புளியைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, தெலுங்குக்காரர், எங்கள் மண்டியில் பல வருஷமாக வேலை செய்பவர். இலை பச்சையாக இருக்கிறதே என்று தெலுங்கில் சொன்னார். மேஸ்திரி சொல்லிவிட்டுத்தான் போனார் என்று நானும் தெலுங்கிலேயே பதில் சொன்னேன். கொத்தைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டியாயிற்று. டிரைவர் சாப்பிடப் போனான். வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு வாசனை வந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. லோடு ஏற்றிய கன்னடக்காரர் ஒருவருக்குப் புரிந்தது. லாரிமேல் ஏறித் தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கினார். காற்றுப் பட்டதும் உள்ளே இருந்தது குபீரென்று எழுந்தது. அவர் இரண்டு கைகளாலும் தார்ப்பாயைப் பிடித்திருந்தார். அது கையோடு ஒட்டிக்கொண்டது.

நான் நின்ற இடத்தில் நின்றேன். நான் எதுவும் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. ஐந்து முதலாளிகளின் ஆட்களும் சுமையைப் போட்டுவிட்டு மண்ணெண்ணெய் லாரியிடம் ஓடினார்கள். அதன் முன்னால் வழி காலியாக இருந்தது. தள்ளிச் சாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான்கு பேர் மணல் வாரி எறிந்தார்கள். இரண்டு பேர் காயம்பட்டவரை இறக்கினார்கள். எல்லாம் அவர் பழக்கி வைத்திருந்தபடியே நடந்தது. அந்தப் புகைக்கு நடுவில், ஒரு மனிதன் வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது, எனக்கு வந்த முதல் நினைவு இதுதான்: அவர் இல்லாதபோதும் அவர் பேச்சைத்தான் கேட்கிறார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சேலத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கன்னடமோ தெலுங்கோ ஒரு வார்த்தை தெரியாது. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கூடாது என்று மண்டியின் பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மொழிபெயர்க்கவும் வாக்குமூலம் எழுதவும் மூன்று பாஷையும் தெரிந்த படித்த ஆள் ஒருவர் வேண்டுமென்று கேட்டார். என் முதலாளி என்னை அனுப்பினார். அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவனே நான்தான் என்று அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது.

முதலில் என்னைக் கேட்டார். காலையில் நான் வந்து பார்த்தபோது மூன்றாவது அட்டியில் கொத்து இல்லை என்றேன். அதை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு அந்தப் பெண் வந்தார். கொத்து இருந்ததா என்று அதிகாரி கேட்டார். நான் தெலுங்கில் கேட்டேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, என்னைக் கையால் காட்டிச் சொன்னார்.

"ஈயப்பே பீகேசினாடு."

இவர்தான் பிடுங்கிப் போட்டார் என்று அர்த்தம். என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார். "இவரும் அங்கேதான் இருந்தார், கொத்து இல்லாததை இவரும் பார்த்தார் என்று என்னைக் காட்டிச் சொல்கிறாள்" என்றேன். அப்படியே எழுதி அந்தப் பெண்ணிடம் தாளை நீட்டினேன். தாம் சொன்னதுதான் அதில் இருக்கிறது என்று நம்பி அவர் கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தார்.

மேஸ்திரி கடைசியாக வந்தார். கொத்து இருந்தது, பச்சையாக இருந்தது, குமாஸ்தாவிடம் காட்டிவிட்டுத்தான் போனேன் என்றார். அதிகாரி என்னுடைய வாக்குமூலத்தையும் அந்தப் பெண்ணுடையதையும் அவருக்குப் படித்துக் காட்டினார். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். நான் பேனா முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் சொல்ல இருக்கிறதா என்று அதிகாரி கேட்டதற்கு, "சொன்னதுதாங்க" என்றார்.

பச்சைக் கொத்தை முந்தின நாளே பிடுங்கிவிட்டு ஊருக்குப் போன கவனக்குறைவு என்று முடிவாயிற்று. மண்ணெண்ணெய் ஏஜென்ட்தான் ரொம்பக் கோபப்பட்டார். அவர் லாரி தப்பியது யாரால் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வாரமே மேஸ்திரியை நிறுத்தினார்கள். போகும்முன் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

"மழ நாள்ல தழ சீக்கிரம் வாடாது சார். அப்ப தழைய நம்பாதீங்க, ஒவ்வொரு சாக்கையும் பிரிச்சுப் பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. திரும்பவும் பம்பாய்க்கே போய்விட்டார், குடும்பம் ஊரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கிருஷ்ணகிரி வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

காயம்பட்டவரின் விரல்கள் மடங்கியபடியே ஆறிவிட்டன. மூட்டை பிடிக்க முடியாது என்று எல்லைக்கு அப்புறம் தன் ஊருக்குப் போய்விட்டார். அவரையும் நான் போய்ப் பார்க்கவில்லை.

பொது மேஸ்திரி வேலை எனக்கு வந்தது. பதினோரு வருஷம் பார்த்தேன். ஆவாரங்கொத்து வழக்கத்தை நான் மாற்றவில்லை, அவர் சொன்னபடி மழைக்காலத்தில் சாக்கைப் பிரித்தும் பார்த்தேன். மறுபடி தீ பிடிக்கவில்லை. நல்ல மேஸ்திரி என்று பெயரும் வந்தது. காபிக் கடைக்காரர் எனக்கும் டம்ளர் கழுவ ஆரம்பித்தார். ஆனாலும், ஆட்கள் கூடி நின்று எதற்காவது சிரித்தால், அவரைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று காது கொடுப்பேன். இல்லாத மனிதன்மேல் பொறாமைப்படுவதற்கு ஓய்வே கிடையாது.

அந்தப் பெண் எங்கள் பேட்டையிலேயே வேலை செய்தார். மேஸ்திரியை நிறுத்திய அன்றே, தாம் சொன்னது தாளில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். என்னிடம் தெலுங்கில் பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது கேட்டால் தலையசைப்பார். மற்றவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் பேசப் பழகினார். அது எதற்காக என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

மூன்று நான்கு வருஷம் கழித்து வேறோர் அதிகாரி வந்தார். வேலை செய்யும் பெண்களுக்குக் குடிதண்ணீரும் நிழலும் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர். பெண்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். அந்தப் பெண்ணின் முறை வந்ததும் நான் வழக்கம்போல மொழிபெயர்க்க முன்னால் வந்தேன்.

"நீ வோணாம். நானே சொல்றேன்" என்றார், தமிழில்.

தண்ணீர் இருக்கிறது, கொட்டகையில் ஓட்டை இருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். அதிகாரி குறித்துக்கொண்டார். போகலாம் என்றார். அந்தப் பெண் போகவில்லை.

"முன்ன ஒரு மேஸ்திரி இருந்தாரு. அந்த அண்ணா மேல தப்பு இல்ல. தழையப் புடுங்குனது அவரு இல்ல" என்றார்.

யார் என்று சொல்லவில்லை. என் பக்கம் கையைக் காட்டவும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு இடம் விட்டு நின்றார் என்றுதான் இன்று நினைக்கிறேன். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மேஸ்திரி, என்ன தழை என்று என்னைக் கேட்டார். பேட்டையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஒரு வாக்கியம் போதும். அந்த மனிதருக்கு அப்போதும் வேலை செய்யும் வயது இருந்தது. என் முதலாளிகள் கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பார்.

"ஏதோ பழைய கதை சார், எல்லாம் விசாரிச்சு முடிஞ்சது" என்றேன்.

அதிகாரி நோட்டை மூடினார். அந்தப் பெண் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு புளி அட்டிக்குப் பின்னால் போனார்.